யார் கொடுத்த பணம், எந்த நிபந்தனையில்? இலங்கையின் அயலுறவுத் தெரிவுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள். மின்சாரத்துக்கு டீசல் இயந்திரங்களை நம்பியிருப்பவை. அங்கே வெயிலையும் காற்றையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு, ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆதரவோடு கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரப்பட்டது. 2021 ஜனவரியில் அது ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் சீனர்களா என்று புதுடெல்லி ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா ஏற்றுக்கொண்டது. கடனுக்குப் பதிலாக 1.1 கோடி டாலர் மானியம்.

கணக்குப் புத்தகத்தில் இது இலங்கைக்கு லாபம். ஆனால் புதிய கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில்தான். மூன்று ஆண்டுகள் தீவுகளில் டீசல் எரிந்துகொண்டிருந்தது. கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே இந்தியாவின் கவலை கொழும்புக்குத் தெரியாதா? தெரியாமல் இருக்க வழியில்லை. முன்கூட்டியே பேசியிருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

இலங்கை யார் பக்கம் சாய வேண்டும் என்ற விவாதம் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. இந்தியா, சீனா, மேற்குலகமும் ஜப்பானும் என மூன்று தெரிவுகள் வைக்கப்படுகின்றன. நண்பனைத் தேர்ந்தெடுப்பதைப் போல இதைப் பேசுவதில்தான் பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு தரப்பும் எந்த வகைப் பணத்தை, எவ்வளவு வேகத்தில், எந்த நிபந்தனையோடு தருகிறது என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கும்.

இந்தியாவிலிருந்து தொடங்கலாம். 2022 இலங்கை மறக்க முடியாத ஆண்டு. கையிருப்பில் டாலர் இல்லை. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டில் இந்தியா தந்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். ஜனவரியில் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம் (மத்திய வங்கிகள் தற்காலிகமாக நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு), பிப்ரவரியில் எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடன், மார்ச்சில் உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் கடன் எனத் தொடர்ந்து வந்தது. ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் வர்த்தகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆசியத் தீர்வக ஒன்றியத்தின் வழியாகக் கொடுக்க வேண்டிய பாக்கிகளுக்கும் தவணை தள்ளிவைக்கப்பட்டது.

அதே நேரத்தில் சீனாவின் நிலை என்ன? 2021 மார்ச்சில் சீன மத்திய வங்கியோடு 1,000 கோடி யுவான், அதாவது சுமார் 150 கோடி டாலர் பெறுமதியான பரிமாற்ற ஒப்பந்தம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. கையிருப்பே இல்லாத நாடு அதைத் தொட முடியவில்லை. கூடுதல் கடன் கேட்டதற்கும் நெருக்கடியின் உச்சத்தில் பலன் கிடைக்கவில்லை. சர்வதேச நாணய நிதியம் உதவ வேண்டுமானால், பழைய கடன்களைத் தளர்த்துவோம் என்று கடன் கொடுத்த நாடுகள் உறுதிமொழி தர வேண்டும். அதை இந்தியா 2023 ஜனவரியில் முதலாவதாகத் தந்தது. பீஜிங்கின் திருப்தியான உறுதிமொழி மார்ச்சில்தான் வந்தது. அவசரத்துக்கு ஓடிவருவது யார் என்ற கேள்விக்கு 2022 விடை சொல்லிவிட்டது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் நெருக்கத்துக்கு விலை உண்டு. 1987 ஜூலை 29ஆம் தேதி கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களைப் படித்தால் இது விளங்கும். இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகமும் அந்நிய ராணுவப் பயன்பாட்டுக்கு விடப்படாது என்று அதில் உண்டு. திருகோணமலை எண்ணெய்க் குதங்களும் (சேமிப்புத் தொட்டிகளும்) வெளிநாட்டு வானொலி நிலையங்களும்கூட அதில் இடம்பெற்றன. ஒப்பந்தத்துக்கு எட்டு வாரங்களுக்கு முன்புதான் இந்திய விமானங்கள் அனுமதி கேட்காமல் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. பெரிய அயல்நாடு எந்த எல்லைவரை போகும் என்பதைக் கொழும்பு அன்று கண்டது. பிறகு வந்த அமைதிப்படையின் காலம் வடக்கு–கிழக்குத் தமிழர்களுக்கு எப்படி முடிந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

வடக்கின் மீனவரிடம் இந்திய உறவைப் பற்றிக் கேட்டால் கடன் வரிசைகளைப் பற்றிப் பேச மாட்டார். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அறுத்துச் சென்ற வலைகளைப் பற்றித்தான் பேசுவார். 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையில் அது நிற்கவில்லை. இரு கரையிலும் தமிழர்களே நிற்கும் இந்தப் பிரச்சினையை இரண்டு தலைநகரங்களும் கைது, விடுதலை, மீண்டும் கைது என்று ஒப்பேற்றுகின்றன. பாதுகாப்பு உடன்படிக்கைகளுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டியிருந்தால் வடக்கில் இந்தியாவின் மீதான நம்பிக்கை பலமடங்கு கூடியிருக்கும்.

அடுத்தது சீனா. அம்பாந்தோட்டையைச் சொல்லாமல் யாரும் இதைப் பேசுவதில்லை; ஆனால் பெரும்பாலும் தவறாகச் சொல்கிறார்கள். கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பறித்துக்கொண்டது என்பது உலகெங்கும் பரவிய கதை. நடந்தது வேறு. அங்கே துறைமுகம் அமைக்கும் ஆசை கொழும்பினுடையது. பீஜிங் வருவதற்கு முன்பே கனடிய, டேனிஷ் நிறுவனங்கள் சாத்தியக்கூறு ஆய்வுகள் செய்திருந்தன. 2007இல் சீன எக்ஸிம் வங்கி முதல் கட்டத்துக்கு 30.7 கோடி டாலர் கடன் கொடுத்தது, வட்டி 6.3 சதவீதம். 2010இல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்குக் கப்பல்கள் போதிய அளவில் வரவில்லை. 2017 ஜூலையில் அது 99 ஆண்டுக் குத்தகைக்குச் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு விடப்பட்டு, 112 கோடி டாலர் பெறப்பட்டது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பை உயர்த்தப் போனது. துறைமுகமும் குத்தகைக்குப் போனது, கடனும் அப்படியே இருந்தது.

பறித்தல் நடக்கவில்லை என்பதற்காக ஒப்பந்தம் நல்லது என்றாகிவிடாது. டாலரில் வாங்கிய கடனுக்கு டாலரில் சம்பாதிக்காத திட்டம் என்பதே அதன் அடிப்படைக் குறை. கொழும்புத் துறைமுகத்தின் தெற்கு முனையத்தை இதோடு ஒப்பிடலாம். அதையும் நடத்துவது அதே சைனா மெர்ச்சன்ட்ஸ் தான்; பங்கு 85 சதவீதம், மீதி 15 துறைமுக அதிகாரசபைக்கு. 2013இல் தொடங்கிய அந்த முனையம் நன்றாக ஓடுகிறது. காரணம், கொழும்பில் மாற்றியேற்றப்படும் சரக்கில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்தியாவுக்குப் போவதும் அங்கிருந்து வருவதும். சீன முதலீட்டுக்கு இந்தியச் சரக்கு லாபம் தருகிறது. பணம் போட்ட நாடு இரண்டு இடத்திலும் ஒன்றே. சந்தை இருந்த இடத்தில் அது பிழைத்தது. அரசியல்வாதியின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் பிழைக்கவில்லை.

சீனப் பணம் வேகமானது. மனித உரிமை பற்றிக் கேட்காது. போர் முடிந்த கையோடு மேற்குலகம் கேள்வி கேட்கத் தொடங்கியபோது கொழும்புக்கு அந்த மௌனம் மிகவும் பிடித்திருந்தது. வட்டியைவிடப் பெரிய விலை இதுதான் என்று தமிழனாக நான் எண்ணுகிறேன். போதாததற்கு இந்தியாவின் சந்தேகத்தையும் அது கூட்டியது. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு முறை கொழும்புக்கு வந்தது. 2022 ஆகஸ்டில், இந்தியக் கடன் உதவி வந்துகொண்டிருந்த அதே பருவத்தில், யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. முதலில் அனுமதி, பிறகு தள்ளிவைக்கக் கோரிக்கை, பிறகு மீண்டும் அனுமதி. இரு தரப்பையும் ஒரே வாரத்தில் வருத்தப்படுத்திய நிகழ்வு அது. 2024இல் எல்லா நாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டுத் தடை விதித்தது அதைவிட எவ்வளவோ மேல். விதி என்றால் எல்லாருக்கும் பொது. யாரும் தனித்துக் கோபப்பட இடமில்லை.

மேற்குலகமும் ஜப்பானும் தரும் பணம் மலிவானது, மெதுவானது. கொழும்பு இலகு ரயிலுக்கு ஜப்பான் முன்வைத்த கடனுக்கு வட்டி 0.1 சதவீதம், காலம் 40 ஆண்டுகள். அம்பாந்தோட்டையின் 6.3 சதவீதத்துக்கு அருகில் அதை வைத்துப் பாருங்கள். 2020 செப்டம்பரில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதை ஒருதலையாக ரத்துசெய்தார். அடுத்த பிப்ரவரியில், இந்தியாவோடும் ஜப்பானோடும் 2019இல் செய்த கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனைய உடன்பாடும் தொழிற்சங்க எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக மேற்கு முனையம் அதானி குழுமத்துக்குப் போனது. அங்கே அதானிக்கு 51 சதவீதம், இலங்கை நிறுவனமான ஜான் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகாரசபைக்கு வெறும் 15. கைவிட்ட கிழக்கு முனைய உடன்பாட்டிலோ அதிகாரசபைக்கு 51 சதவீதம் இருந்தது. தேசிய சொத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி எடுத்த முடிவின் விளைவு இது.

அமெரிக்காவின் 48 கோடி டாலர் மிலேனியம் சவால் மானியமும் 2020 டிசம்பரில் கைநழுவியது. அதில் நிலப் பதிவு சார்ந்த அச்சங்கள் இருந்தன. எல்லாம் கற்பனை என்று தள்ள மாட்டேன். ஆனால் வாஷிங்டன் இலங்கையின் மிகப் பெரிய தனி ஏற்றுமதிச் சந்தை. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் சம்பளம் அங்கிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவிக்கப்பட்டு, பேச்சுக்குப் பின் ஆகஸ்டில் அது 20 ஆனது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை 2010இல் மனித உரிமைக் காரணங்களுக்காக இழந்து, 2017இல்தான் திரும்பப் பெற்றார்கள். சீனாவோ இந்தியாவோ இந்த ஆடைகளை அந்த அளவில் வாங்கப் போவதில்லை.

கடன் கொடுத்த இன்னொரு தரப்பையும் மறக்கக் கூடாது. 2022இல் இலங்கையை வீழ்த்திய கடனில் மிகப் பெரிய பங்கு எந்த நாட்டினுடையதும் இல்லை. சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்கள் மட்டும் சுமார் 1,250 கோடி. 2024 ஜூன் 26ஆம் தேதி இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் இணைத்தலைமை வகித்த குழுவோடு 580 கோடி டாலருக்கும், சீன எக்ஸிம் வங்கியோடு 420 கோடி டாலருக்கும் கடன் மறுசீரமைப்பு உடன்பாடு வந்துவிட்டது. பத்திரக்காரர்களோடு முடிக்க டிசம்பர் ஆனது. சீனக் கடன்பொறி என்று மட்டும் கத்துபவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதில்லை.

சரி, எது சரியாக நடந்த உறவு? என் விடை 1952. கொரியப் போர்க்கால உச்சத்திலிருந்து ரப்பர் விலை சரிந்து, அரிசி கிடைக்காமல் தவித்த நேரம். ஆட்சியில் இருந்தது கம்யூனிசத்தை வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சி. சீனாவோடு தூதரக உறவுகூட இல்லை. அது வந்தது 1957இல். இருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீஜிங் போய் ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை முடித்தார். ரப்பருக்குச் சந்தையை மீறிய விலை கிடைத்தது. அமெரிக்கா கோபித்து உதவியை மறுத்தது. கொழும்பு அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தது. அளவும் விலையும் காலமும் காகிதத்தில் இருந்தன. ஆட்சிகள் மாறியும் 1982 வரை புதுப்பிக்கப்பட்டது. ஒரு முகாமில் சேர்ந்ததாக யாரும் அதைச் சொல்ல முடியவில்லை.

இன்றைய அரசை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) ஒருகாலத்தில் "இந்திய விரிவாதிக்கம்" என்று வகுப்பெடுத்தது. 1987 ஒப்பந்தத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது. அவர் 2024 டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாகப் புதுடெல்லிக்கும், அடுத்த மாதம் பீஜிங்குக்கும் போனார். வரிசை சரியானது. மன்னார், பூநகரி காற்றாலைக்கு அதானியோடு 20 ஆண்டுகளுக்குப் பேசியிருந்த யூனிட்டுக்கு 8.26 சென்ட் என்ற விலையை மீளாய்வு செய்ததும் சரி. அதே மன்னாரில் போட்டி முறையில் கோரப்பட்ட 50 மெகாவாட் திட்டத்துக்குக் கிடைத்த விலை 4.65 சென்ட். கேள்விப்பத்திரம் இல்லாத நட்பு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. 2025 பிப்ரவரியில் அதானி விலகியது.

ஆனால் 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது கையெழுத்தான பாதுகாப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் முழு உரை மக்கள் முன் வைக்கப்படவில்லை. இந்தியாவோடு பாதுகாப்பில் ஒத்துழைப்பது தேவை என்று நம்புகிறவன் நான். அதனாலேயே மறைத்துச் செய்வதை எதிர்க்கிறேன். அடுத்த ஆட்சி கிழித்துப்போட மறைவான ஒப்பந்தம்தான் மிக எளிதானது.

இனி வரும் தெரிவுகளில் இரண்டு பெரியவை. திருகோணமலையில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேரும் எரிசக்தி மையம் ஒன்று. அம்பாந்தோட்டையில் சீன அரசு எண்ணெய் நிறுவனமான சினோபெக்கின் 370 கோடி டாலர் சுத்திகரிப்பு ஆலை மற்றொன்று. இரண்டையும் ஏற்கலாம் என்பதே என் எண்ணம். சினோபெக்கில் கடனை இலங்கை அரசு ஏற்காமல், உற்பத்தியின் பெரும்பகுதி ஏற்றுமதியாக வேண்டும். உள்நாட்டுச் சந்தையில் எவ்வளவு விற்கலாம் என்ற பேச்சில் கொழும்பு விட்டுக்கொடுக்கக் கூடாது. திருகோணமலையில், 2022 ஜனவரி உடன்பாட்டில் 61 குதங்களுக்கான கூட்டு நிறுவனத்தில் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த 51 சதவீதம் புதிய ஏற்பாட்டில் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டு ஒப்பந்தங்களும் கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும்.