7 எம்.எம். நல்லதுதான், அந்தச் சைலன்சர்தான் சனியன்

துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமிருந்து என் ரைஃபிள் திரும்பி வந்துவிட்டது. குழல் ஓர் அங்குலம் குறைந்திருக்கிறது. பர்ஸ் அதைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது. இந்த நேரம் பார்த்துத்தான் இங்கே நியூசிலாந்தில், டனீடினில் இருக்கும் நண்பர், துப்பாக்கி உரிமம் கைக்கு வந்த உற்சாகத்தில், “அண்ணா, வரையாட்டு வேட்டைக்கு எந்தக் கேலிபர் வாங்கலாம்? நீங்கள் வைத்திருப்பதையே வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். நான்கு நாள் கழித்துக் கேட்டிருந்தால் நிதானமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் பதறுவதற்கு முன் ஒரு வார்த்தை. நியூசிலாந்தின் தென் தீவு மலைகளில் இருப்பது இமயமலை வரையாடு. 1904இல் அவ்ராக்கி குக் மலைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவுமே இயற்கையாக இல்லாத நாடு இது. வரையாட்டை அடித்துத் தின்ன ஒரு விலங்கு கிடையாது. மலையுச்சிச் செடிகளை அது மொட்டையடிப்பதால், எண்ணிக்கை 10,000ஐத் தாண்டக்கூடாது என்று 1993இல் திட்டமே போட்டார்கள். அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. பொது நிலத்தில் வேட்டையாட அனுமதிச் சீட்டு இலவசம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்கு இந்த இமயமலை ஆடு பெயரளவில்தான் சொந்தம். மரபணு ஆய்வுகள் நம்முடையதைச் செம்மறி இனத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கின்றன.

கேலிபருக்கு, அதாவது குழலின் உள்விட்டத்துக்கும் அதற்கேற்ற தோட்டாவுக்கும், வருகிறேன். என்னுடையது 7 எம்.எம்.-08. வேட்டைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த .308 (அங்குலக் கணக்கு) தோட்டா உறையின் கழுத்தை 7 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் இதுதான். 140 கிரெயின், அதாவது சுமார் ஒன்பது கிராம், குண்டு போடுகிறேன். முந்நூறு மீட்டருக்குள் நூறு கிலோ ஆண் வரையாட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. இன்னும் பெரிய, வெடிமருந்து அதிகம் பிடிக்கும் .300 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் புன்னகைப்பார்கள், புன்னகைக்கட்டும். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் அது தோளில் தரும் உதை இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவனுக்கு மேக்னம் இருந்தென்ன, பீரங்கி இருந்தென்ன?

உதை குறைவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. இதை எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லவில்லை. சுட்ட பிறகும் ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கியில், ஆடு தெரிகிறது. குண்டு பட்டதும் முதுகை வளைத்ததா, முன்கால் மடிந்ததா, எந்தப் பக்கம் சரிந்தது என்று எல்லாமே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. வரையாடு நிற்பது பாறை விளிம்பில். சுடுவதைவிட, விழுந்ததைப் போய் எடுப்பதுதான் பெரிய வேலை. எந்த ஓடைக்குள் உருண்டது என்று தெரியாவிட்டால் அந்தி முழுக்கச் சரளைச் சரிவில் ஏறி இறங்க வேண்டியதுதான். இந்த வசதியில் பாதி கேலிபரால் வந்தது. மீதிப் பாதி, ஒப்புக்கொள்ள மனமில்லை, சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் அந்தச் சைலன்சரால் வந்தது.

இங்கே சைலன்சர் சாதாரணக் கடைச் சரக்கு. மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோரிடம் இருக்கும். சத்தத்தை அது முழுக்க விழுங்குவதில்லை. ஒலியை மிஞ்சி ஓடும் குண்டின் ‘பட்’டென்ற ஓசை அப்படியே இருக்கும். ஆனால் காது பிழைக்கும், கூட வந்தவரின் காதும் பிழைக்கும். இதையெல்லாம் மறுக்கவில்லை.

என்னுடையது குழலின்மேல் பின்னோக்கி உறைபோல ஏறி உட்காரும் வகை. முனைக்கு முன்னால் பத்து சென்டிமீட்டர் நீள்கிறது, நானூறு கிராம் கனக்கிறது. அந்த எடை முழுக்க மூக்கில். துப்பாக்கியை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு மெக்காலே ஆற்றோரத்து மட்டகௌரி முட்புதருக்குள் குனிந்தால், தலை தப்பிவிடும், சைலன்சர் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் முள் மழை.

அதுகூடப் பரவாயில்லை. வெடிமருந்து எரிந்தால் நீராவியும் கரியும் மிஞ்சும். இரண்டும் அந்த உறைக்குள் தங்கிவிடும். ஆகவே தினமும் மாலையில் கழற்றித் துடைக்க வேண்டும். சூடான சமையலறையில் அல்ல. கூடாரத்துக்குள், மேல்துணியில் வியர்த்த நீர் கழுத்தில் சொட்ட, மரத்துப்போன விரல்களால். துணியில் வருவது அம்மோனியா நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. சைலன்சர் ஏறும் குழல் முனைத் திருகு மரையை மூடும் சின்ன மூடி கைதவறினால் புல்லுக்குள் போய்விடும். தேடிக் கிடைத்ததே இல்லை.

கடந்த குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டியது. ஆறு பெருகி, கடக்க வழியில்லாமல் கூடாரத்திலேயே அடைந்து கிடந்தோம். வழக்கம்போலத் துடைத்தேன், எண்ணெய் போட்டேன். திரும்பி வரும்போது சைலன்சர் மரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, எப்படித் திருகினாலும் அசையவில்லை. பழுதுபார்ப்பவர் சூடுகாட்டிக் கழற்றினார். குழல் வாயில் அம்மைத் தழும்பாகத் துருக்குழிகள். வெட்டிவிட்டுப் புதிதாக மரை போடுவதைத் தவிர வழியில்லை என்றார். குழல் பின்னால் போகப்போகத் தடிக்கும் அல்லவா, அதனால் சைலன்சரின் பின்வளையமும் பொருந்தாமல் அதையும் கடைந்தார். தனி பில். ஓர் அங்குலம் போனதால் வினாடிக்கு 20, 30 அடி வேகம் குறையலாம். வரையாட்டுக்கு அது தெரியப்போவதில்லை, என் வங்கிக் கணக்குக்குத் தெரிந்துவிட்டது.

மற்றச் சாமான்களைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். பூட்ஸ் விறைப்பாக இருக்கட்டும். ஜூனில், இங்கே அது குளிர்காலம், பனிக்கோடரியும் காலில் மாட்டும் இரும்புப் பற்களும் இல்லாமல் மேலே ஏற வேண்டாம். அவசர உதவிக்கான சமிக்ஞைக் கருவியைப் பைக்குள் அல்ல, உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பில் மிச்சம்பிடித்துப் பைனாகுலரில் போடுங்கள், நாள் முழுக்கக் கண்ணில் இருப்பது அதுதான். கியா கிளி இருக்கும் இடத்தில் எதையும் வெளியே வைக்காதீர்கள். என் பையின் வார்ப்பட்டையை ஒன்று நிதானமாகப் பிரித்துப் போட்டது. சமைக்க வேண்டுமானால் பெண் ஆட்டைப் பாருங்கள். இணைசேரும் பருவத்து ஆண் ஆட்டை எவ்வளவு மிளகு போட்டாலும் வீடு நாறும்.

இனித் தீர்ப்பு. மேலே அத்தனை புகழ்ந்திருக்கிறேன், ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் தம்பி, இதை வாங்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் பழைய .308 ஒன்று தேடிப் பிடியுங்கள், காதுக்கு அடைப்பான் வாங்குங்கள், சைலன்சர்க் கடை வாசலை மிதிக்காதீர்கள். என்னுடையதற்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண். விலைக்குக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.

குழலை வெட்டியதால் குறியை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டித் தோட்டாவாவது போகும். அந்தச் செலவையும் சைலன்சர் கணக்கில்தான் எழுதப்போகிறேன்.