டிரிஜிபிளா, செப்பலினா?

வாயுவால் மிதந்து எஞ்சினால் ஓடும் வான்கப்பலுக்கு வழங்கும் இந்த இரண்டு பெயர்களும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். டிரிஜிபிள் பிரெஞ்சு வழி வந்த சொல். 'திசைதிருப்பி ஓட்டக்கூடியது' என்று பொருள். காற்றடித்த பக்கம் போகும் பலூனிலிருந்து பிரித்துக்காட்டப் பிறந்த பெயர். 1852இல் ஆன்ரி ஜிஃபார் நீராவி எஞ்சின் பூட்டிப் பாரிசிலிருந்து பறந்தது டிரிஜிபிள்தான், செப்பலின் அல்ல.

செப்பலின் என்பது ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பெயர். அவர் உருவாக்கிய வான்கப்பல் வகைக்கு அதுவே பெயரானது. உள்ளே உலோக எலும்புக்கூடு, அதற்குள் தனித்தனி வாயுப் பைகள், மேலே துணிப் போர்வை. முதலாவது 1900இல் பறந்தது. 1937இல் எரிந்துபோன, 245 மீட்டர் நீள ஹிண்டன்பர்க்கும் இந்த வகைதான்.

எலும்புக்கூடே இல்லாமல், வாயு இறங்கினால் தொய்ந்துவிடுகிற பிளிம்ப்பையும் செப்பலின் என்பது, எந்த நகலையும் ஜெராக்ஸ் என்கிற கதைதான். பேச்சில் சரி. எழுதும்போது வகை தெரியாவிட்டால் நான் வான்கப்பல் என்று போட்டுவிடுவேன்.