போர்ட் பிளேருக்குக் கப்பலா, மதிய விமானமா, விடியற்காலை விமானமா?

தங்கையைப் போர்ட் பிளேரில் கட்டிக்கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இதற்குள் அந்தமானுக்குப் பன்னிரண்டு முறை போய்வந்துவிட்டேன். இரண்டு முறை கப்பலில், மற்றதெல்லாம் விமானத்தில். ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தங்கை வீட்டில் இன்னும் போர்ட் பிளேர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வரும் ஜூலையில் அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்ற பேச்சுக்கு இந்தமுறை இடமில்லை. எதில் வருவது என்று சித்தப்பாவிலிருந்து பெரியம்மா மகன் வரை ஆளுக்கு ஒருமுறை கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கப்பலை முதலில் முடித்துவிடலாம். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் ஏறத்தாழ அறுபது மணி நேரம் கழித்து ஹாடோ துறையில் இறங்கலாம். கடல் கொந்தளித்தாலோ, துறையில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டாலோ இன்னும் சில மணி நேரம் கூடும். பங்க் வகுப்பில் அடுக்குப் படுக்கைகள்; பணம் இருந்தால் கேபின். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. மூட்டை முடிச்சுகளுக்கு விமானத்தைப் போல 15 கிலோ என்று கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் தங்கையின் பாத்திரம் பண்டமெல்லாம் கப்பலில்தான் போயின. இரண்டாம் நாள் காலையில் மேல்தளத்தில் நின்றால் நான்கு பக்கமும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்தக் காட்சிக்காக வாழ்நாளில் ஒருமுறை போகலாம். முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தவனாகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் மாதத்துக்கு மூன்று, நான்கு பயணங்கள்தான். அவற்றின் தேதியும் பல மாதம் முன்னாலேயே உறுதியாகாது. முகூர்த்தம் குறித்துவிட்டுக் கப்பலைத் தேடினால் அது முந்தின வாரம் போயிருக்கும், இல்லாவிட்டால் மறுவாரம் வரும். என் இரண்டு பயணங்களும் ஜனவரி, பிப்ரவரியில். தென்மேற்குப் பருவமழையில் கப்பலில் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. ஜூலை விசேஷத்துக்குக் கப்பல் வேண்டாம்.

மிச்சம் விமானம். இரண்டேகால் மணி நேரம், நேரடிப் பயணம். கோல்கத்தா வழியாகவும் போகலாம். ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், டிக்கெட் கொஞ்சம் மலிவு, அலைச்சல் அதிகம். அந்த ஒரு அனுபவத்தை வைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல மாட்டேன். எந்த நிறுவனம் என்பதைப் பற்றியும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது இந்தத் தடத்தில் இருக்கைகள் குறைந்தன. அதற்குப் பிறகு கிடைப்பதில் ஏறுவதுதான் வழக்கமாகிவிட்டது. எத்தனை மணிக்குப் புறப்படும் விமானம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம், அந்த ஓடுபாதை. நீளம் 3,290 மீட்டர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் கடற்படையின் ஐஎன்எஸ் உத்க்ரோஷ் தளத்தோடு பகிர்ந்துகொள்வது. முனையத்தை நடத்துவது விமான நிலைய ஆணையம், ஓடுபாதை கடற்படையின் கையில். பழைய முனையத்தில் கூட்டம் நெருக்கித்தள்ளும். 2023 ஜூலையில் சுமார் 710 கோடி ரூபாயில் சிப்பி வடிவத்தில் புது முனையம் திறந்தார்கள். விசாலம், வெளிச்சம், உட்கார இடம் எல்லாம் உண்டு. திறந்த சில நாட்களிலேயே வெளிப்புறத்தில் பொய்க்கூரையின் ஒரு பகுதி தொங்கியதும், அது கண்காணிப்புக் கேமரா வேலைக்காகத் தளர்த்தியது என்று அமைச்சர் விளக்கியதும் செய்தியில் வந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் பேரைத் தாங்கும் கட்டடம் என்கிறார்கள், இருக்கட்டும். விமானம் இறங்குவது அதே பழைய பாதையில்தான்.

பாதையின் வடகிழக்குப் பக்கம் மேடான நிலம். அதனால் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கி, அதே தென்மேற்கை நோக்கித்தான் மறுபடி ஏறுகிறார்கள். விமானம் எதிர்காற்றில் இறங்க வேண்டும் என்பது பொதுவிதி. மே முதல் செப்டம்பர் வரை அங்கே வீசுவதோ தென்மேற்குக் காற்று. இறங்கும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். பின்காற்று பத்து, பதினைந்து நாட் (மணிக்குச் சுமார் 19 முதல் 28 கி.மீ.) வேகத்தைத் தாண்டினால் நம்மூர்ப் பயணிகள் விமானங்கள் இறங்கக் கூடாது. பொழுது ஏற ஏறக் காற்று வலுப்பதுதான் வழக்கம். மதியத்துக்கு மேல் போர்ட் பிளேரில் இறங்குவது எப்போதும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தைச் சேர்ந்தது. இன்னொன்று, கிழக்குக் கோடியில் இருப்பதால் அங்கே நம் கடிகாரப்படி மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும்.

இறங்க முடியாவிட்டால் எங்கே போவது? சென்னையில் இறங்க முடியாத விமானம் பெங்களூருக்கு ஓடிப்போகும். போர்ட் பிளேரில் அந்த வசதி இல்லை. வரைபடத்தில் பார்த்தால் யாங்கோனும் புக்கெட்டும் சென்னையைவிடப் பக்கம். உள்நாட்டுப் பயணியை அங்கே கொண்டுபோய் இறக்க முடியாது. அதனால் சென்னைக்கோ கோல்கத்தாவுக்கோ திரும்புவதற்கான எரிபொருளையும் சேர்த்தேதான் புறப்படுகிறார்கள். இப்படித் திரும்புவது அத்தனை அபூர்வமான விஷயமும் அல்ல.

எனக்கு அது நடந்தது 2019 ஜூனில், மதிய விமானத்தில். தீவின் பச்சை தெரிந்தது, கடற்கரையில் நுரை தெரிந்தது. இரண்டு வட்டம் அடித்தார்கள். பிறகு விமானி, காற்று சாதகமாக இல்லை, சென்னைக்கே திரும்புகிறோம் என்றார். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பறந்து, ஏறிய மீனம்பாக்கத்திலேயே இறங்கினேன். பக்கத்து இருக்கையில் இருந்த அந்தமான்காரர் பதறவே இல்லை. "ஜூன் மாதத்தில் மதிய விமானத்தில் ஏறலாமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் ஏன் ஏறினார் என்று நான் கேட்கவில்லை.

உண்மையான கஷ்டம் தரையில்தான் ஆரம்பித்தது. கவுன்டரில் அடுத்த இருக்கை மூன்று நாள் கழித்து என்றார்கள். மறுநாள் விமானங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. திரும்பி வந்த நூற்றைம்பது பேரையும் அவற்றின் மிச்ச இருக்கைகளில்தான் திணிக்க வேண்டும். வானிலையால் ஆனது என்பதால் விதிப்படி இழப்பீடு கிடையாது. பணத்தைத் திரும்ப வாங்கலாம், அல்லது வேறு விமானத்தில் இடம் கேட்கலாம், அவ்வளவுதான். பணத்தை வாங்கிக்கொண்டு அன்றைய விலையில் புது டிக்கெட் எடுக்கப்போனால் தலை சுற்றும். போர்ட் பிளேரிலும் இதே கதைதான்: எங்களை இறக்கிவிட்டு அங்கிருந்து ஆட்களை ஏற்றிவர வேண்டிய விமானம் அதே விமானம். அது வராததால் அவர்களும் மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். சென்னையில் மேல்சிகிச்சைக்கு நாள் வாங்கியவர்கள் அதில் இருந்தால் என்ன ஆவார்கள் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து விடியற்காலை விமானம்தான். காற்று அடங்கியிருக்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அது தாமதமானாலும் அன்றைய பகல் முழுக்கக் கையில் இருக்கும் என்பது. ஒருமுறை காலை விமானம் மழையால் சென்னையிலேயே இரண்டு மணி நேரம் நின்றது. ஆனாலும் பத்தரைக்குள் தங்கை வீட்டில் இட்லி சாப்பிட்டேன். அதே இரண்டு மணி நேரத் தாமதம் மதிய விமானத்துக்கு நேர்ந்திருந்தால் புறப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம். காலையில் இறங்குபவர்களுக்கு ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகையும் அன்றே பிடித்துவிடலாம் என்ற லாபம் வேறு.

குறை இல்லாமலில்லை. காலை விமானத்துக்குக் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கிறது. தாம்பரத்துக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் நள்ளிரவு தாண்டியதுமே டாக்ஸி பிடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்த ராத்திரி தூக்கம் போனதுதான். காலையிலும் மழை மேகம் பாதையை மறைத்துத் திரும்பிய விமானங்கள் உண்டு. எனக்கு இதுவரை நேரவில்லை, ஆனால் ஏழெட்டுப் பயணத்தை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது. டிசம்பர், ஜனவரியில் போவதாக இருந்தால் மதிய விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது வீசுவது வடகிழக்குக் காற்று. இவ்வளவு கறார் எல்லாம் மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான்.

திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வரும்போதும் முதல் விமானத்தையே எடுங்கள். மறுநாளே அலுவலகம் போக வேண்டியவர்கள் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கோல்கத்தாவிலோ சென்னையிலோ இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்து முதலாவது வராமல் போனால் இரண்டாவதன் பணம் போனது போனதுதான்.

காது குத்து வெள்ளிக்கிழமை. நான் புதன்கிழமை முதல் விமானத்துக்கு எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வியாழன் போதுமே என்றார். 2019-ஐ ஞாபகப்படுத்தியதும் பேச்சை விட்டுவிட்டார். தங்கை கேட்ட வெட் கிரைண்டர் மட்டும் அதற்கு முந்தின மாதக் கப்பலில் வருகிறது. அது எப்போது வந்து சேர்ந்தாலும் யாருக்கும் முகூர்த்தம் தவறப்போவதில்லை.