எட்டா, ஏழா? ஈரல் தழும்பில் இரண்டு பெப்ரைட்கள்

எனலாப்ரில் வறட்டு இருமலைத் தந்ததால் லொசாட்டனுக்கு மாற்றப்பட்ட ஒரு முதியவர், யாழ்ப்பாணத்தில் கிளினிக் நாளொன்றில், கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு குளிசை அட்டைகளையும் மேசையில் வைத்து, "ஸ்கானிலை ஈரல் தழும்பு எண்டு சொல்லியிருக்கினம். இதிலை எது ஈரலுக்கு நல்லது, டொக்டர்?" என்று கேட்டார்.

இரண்டும் பிரஷர் குளிசைகளே. ஆயினும் கேள்வி பிழையானதல்ல: இரண்டும் தொடுவது ஈரலில் தொடங்கும் ஒரே சங்கிலியைத்தான். ஈரல் சுரக்கும் அஞ்சியோடென்சினோஜனைச் சிறுநீரகத்தின் ரெனின் வெட்ட, பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அஞ்சியோடென்சின் 1 உருவாகிறது, ஏ.சி.ஈ. நொதியம் அதிலிருந்து இரண்டைக் கழிக்க, எட்டு அமிலங்களுடைய அஞ்சியோடென்சின் 2 கிடைக்கிறது. 2000 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஏ.சி.ஈ. 2 நொதியம் அதன் நுனியிலுள்ள பினைலலனினை மட்டும் அகற்றினால், அது அஞ்சியோடென்சின் 1-7 ஆகிவிடும்.

இந்த இரண்டு பெப்ரைட்களுக்கும், அதாவது அமினோ அமிலச் சிறு சங்கிலிகளுக்கும், வித்தியாசம் ஓர் அமிலம்தான், வேலையோ நேரெதிர். எட்டு உடையது, காயப்பட்ட ஈரலில் தழும்பை உண்டாக்கும் விண்மீன் கலங்களில், சமிக்ஞையை வாங்கும் ஏ.ரீ.1 ஏற்பியைப் பற்றி, அக்கலங்களைச் சுருங்கவும் பெருகவும் தழும்பின் நாரான கொலாஜனைக் கொட்டவும் தூண்டுவதோடு, தழும்பின் பிரதான சமிக்ஞையான ரீ.ஜீ.எஃப். பீட்டாவையும் கூட்டுகிறது. ஏழு உடையது மாஸ் ஏற்பி வழியாக இதைத் தணிக்கிறது. தழும்பு உண்டாகவெனப் பித்தக்குழாய் கட்டப்பட்ட எலிகளில் அந்த ஏற்பியை அடைத்தபோது தழும்பு கூடியது.

எனலாப்ரில் ஏ.சி.ஈ.யைத் தடுப்பதால் எட்டு குறைகிறது. ஏழைச் சிதைப்பதும் அதே நொதியம் என்பதால் ஏழு கூடுகிறது. ஆனால் கைமேஸ் என்ற நொதியம் கொல்லைப்புறத்தால் எட்டைத் தயாரித்துக்கொண்டேயிருக்கும். லொசாட்டன், எட்டு எவ்வழியால் வந்தாலும் ஏற்பியின் வாசலிலேயே மறிக்கிறது. மறிக்கப்பட்டதில் ஒரு பங்கு ஏழாகவும் மாறும். பொறிமுறையை மட்டும் பார்த்தால் என் தெரிவு லொசாட்டன்.

மனிதரில் கதை அவ்வளவு இனிக்கவில்லை. ஹெபடைட்டிஸ் சி நோயாளரை வைத்து நடந்த ஹால்ட்-சி ஆய்வின் தரவுகளில், இவ்வகைக் குளிசைகளை எடுத்தோருக்குத் தழும்பின் வளர்ச்சி மந்தமாகவில்லை. கொழுப்பீரல் அழற்சியில் லொசாட்டனைச் சோதித்த பிரித்தானிய ஆய்வும் பயன் காட்டவில்லை.

தழும்பு முற்றி வயிற்றில் நீர் கட்டிய பிறகு நியாயமே தலைகீழாகிறது. அந்நிலையில் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தின் வடிகட்டலையும் தாங்கி நிற்பது, நாம் வில்லனென்று ஏசிய அந்த எட்டுத்தான். ஆகவே இரண்டு குளிசைகளும் தவிர்க்கப்படுகின்றன. நல்லபிள்ளையான ஏழும், ஈரல் கரணை (ஈரல் முழுதும் தழும்பேறிய நிலை) முற்றிய எலிகளில் குடலின் குருதிக்குழாய்களை விரித்து, குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் வாயில் நாளத்தின் அழுத்தம் கூடத் துணைபோகிறது.

"லொசாட்டனையே போடுங்கோ, ஐயா, அது பிரஷருக்கு. வயிறு ஊதினா, கிளினிக் நாள் பாக்காமல் உடனே வாங்கோ" என்றேன்.