குவில்லிங்கா, பாப்-அப்பா, வாட்டர்கலரா, ஸ்டாம்ப்பா? கையால் செய்யும் வாழ்த்து அட்டைக்கு எது பொருந்தும்?

வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் எது சுலபம்?" என்றுதான். நான் பதிலுக்கு வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். செய்த அட்டையை நேரில் கொடுக்கப் போகிறீர்களா, தபாலில் அனுப்பப் போகிறீர்களா? ஒருவருக்கா, முப்பது பேருக்கா? இவற்றுக்குப் பதில் வந்துவிட்டால் எந்த முறையில் இறங்குவது என்பது பாதி முடிவான மாதிரி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: உள்ளே நாலு வரி எழுத இடமும் தெம்பும் மிச்சம் இருக்கிறதா? அலங்காரத்திலேயே களைத்துப்போய் உள்ளே வெறும் கையெழுத்தோடு போய்ச் சேரும் அட்டைகளைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

ஒப்பீட்டுக்குப் போகும்முன், நான்கு முறைகளுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. ஏ5 தாளைப் பாதியாக மடித்தால் ஏ6 அளவு அட்டை கிடைக்கும், அதாவது 105 × 148 மி.மீ. அதற்குச் சரியாகப் பொருந்துவது சி6 கவர், 114 × 162 மி.மீ. கவர் கிடைக்கும் அளவில் அட்டை செய்வதுதான் புத்திசாலித்தனம். அட்டையைச் செய்துவிட்டுக் கவர் தேடி அலைய வேண்டாம். தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருந்தால் நிமிர்ந்து நிற்கும். இவ்வளவு கனமான தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். எழுதித் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து ஒரு பள்ளம் போட்டுவிட்டு மடியுங்கள். தாளுக்கு இழை ஓட்டம் உண்டு என்பதையும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறது என்று கைக்கே தெரியும். அந்த வாக்கில் மடித்தால் மடிப்பு கத்தி போல விழும்.

குவில்லிங் எதிர் பாப்-அப்

"நீங்களே செய்ததா!" என்று பார்த்த உடனே கேட்க வைப்பவை இந்த இரண்டும். இரண்டிலும் தாள் எழுந்து நிற்கிறது. குவில்லிங்கில் அட்டையின் மேலே நிற்கிறது, பாப்-அப்பில் உள்ளே ஒளிந்திருந்து திறக்கும்போது எழுகிறது. என் தீர்ப்பு முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

குவில்லிங் கற்பது எளிது. மெல்லிய காகித நாடாவைச் சுருட்டி, கொஞ்சம் தளர விட்டு, நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்ட வேண்டும். ஒரு முனையைக் கிள்ளினால் துளி வடிவம், இரண்டு முனைகளையும் கிள்ளினால் இலை வடிவம். துளிகள் ஐந்தைச் சேர்த்தால் ஒரு பூ. ஒரே உட்காரலில் முதல் பூ வந்துவிடும். சிரமம் எங்கே என்றால், ஐந்து துளிகளும் ஒரே அளவில் வருவதில். அதற்கு வட்ட ஓட்டைகள் உள்ள அளவுப் பலகை ஒன்று இருந்தால் போதும். சுருளை ஓட்டைக்குள் விட்டுத் தளர்த்தினால் அதற்குமேல் விரியாது. கருவியில் பிளவு போட்டது, வெறும் ஊசி என்று இரண்டு வகை உண்டு. பிளவுக் கருவியில் நாடாவைச் செருகிச் சுற்றுவது சுலபம், ஆனால் சுருளின் நடுவில் சின்ன மடக்கு ஒன்று நின்றுவிடும். ஊசியில் சுற்றினால் நடு வட்டம் சுத்தமாக வரும், விரலுக்குத்தான் பழக்கம் வேண்டும். தொடங்கும்போது பிளவுக் கருவியே நல்லது.

ஆனால் குவில்லிங் அட்டை தபாலுக்கு ஏற்றதல்ல. வழக்கமான நாடாவின் அகலம் 3 மி.மீ. அல்லது 5 மி.மீ. பூ அத்தனை உயரத்துக்கு அட்டையின் மேல் நிற்கிறது. கவருக்குள் போனால் மேலே வந்து விழும் மற்ற கடிதங்களின் கனம், கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகள், எல்லாம் சேர்ந்து இதழ்களைச் சாய்த்துவிடும். ஒருமுறை நசுங்கிய சுருளை நிமிர்த்த முடியாது. பெட்டியில் வைத்து அனுப்பலாம், ஆனால் அப்போது அது பார்சல் ஆகிவிடுகிறது. நேரில் கொடுப்பதென்றால், அதுவும் வாங்குகிறவர் சட்டம் போட்டு மாட்டிவைக்கக்கூடியவர் என்றால், குவில்லிங்குக்கு நிகரானது எதுவும் இல்லை.

பாப்-அப் இதற்கு நேர் எதிர். மூடியிருக்கும்போது தட்டையான தாள். தபாலில் எத்தனை கை மாறினாலும் பாதகமில்லை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சாடானி 1980-களின் தொடக்கத்தில் ஒரே தாளை வெட்டி மடித்தே மாளிகைகளை எழுப்பும் கலையை வளர்த்தார். அந்த நுணுக்கத்துக்கெல்லாம் உடனே போக வேண்டியதில்லை. பாப்-அப்பின் உயிர் ஒரு சின்னப் பெட்டி மடிப்பில் இருக்கிறது. அது தெரிந்தால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது.

ஏ5 தாளை மடித்து, நீளமான மடிப்பு ஓரம் உங்களைப் பார்த்தபடி வையுங்கள். அந்த ஓரத்திலிருந்து உள்நோக்கி 3 செ.மீ. நீளத்துக்கு, 2 செ.மீ. இடைவெளி விட்டு, இரண்டு வெட்டுகள் போடுங்கள். வெட்டுகள் முடியும் இடத்தை இணைத்துப் பள்ளக்கோடு இழுத்து, முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்குங்கள். பிறகு தாளைத் திறந்து, நடுவில் உள்ள பட்டையை உள்பக்கமாகத் தள்ளுங்கள். அட்டையைப் பாதி திறந்து செங்கோணத்தில் நிறுத்தினால் 3 செ.மீ. உயரமும் 3 செ.மீ. ஆழமும் உள்ள படி ஒன்று நிற்கும். அதன் முன்முகத்தில் ஒரு பூவையோ பறவையையோ ஒட்டினால் அது காற்றில் நிற்பது போலத் தெரியும்.

எவ்வளவு பெரிய படம் ஒட்டலாம்? படியின் முன்முகம் மடிப்பிலிருந்து 3 செ.மீ. தள்ளித் தொடங்குகிறது. அட்டையை மூடும்போது படம் அங்கிருந்து மேல்நோக்கிப் படுக்கும். அட்டையின் உயரம் 10.5 செ.மீ. ஆகவே படம் 7.5 செ.மீ.க்கு மேல் போனால் மூடிய அட்டைக்கு வெளியே தலை நீட்டும். 7 செ.மீ.யில் நிறுத்திக்கொண்டால் பத்திரம். இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் இரண்டு படிகள், மூன்று படிகள், படிக்கு மேல் படி என்று நீங்களாகவே போகலாம்.

வெட்டிய இடத்தில் பின்பக்கம் ஓட்டை தெரியுமே என்றால், அதற்குத்தான் வெளி அட்டை. உள்தாள் 160 முதல் 200 ஜிஎஸ்எம், வெளி அட்டை 250 ஜிஎஸ்எம் என்று இரண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். படிக்குப் பின்னால் மட்டும் பசை படக்கூடாது, பட்டால் எழவே எழாது.

இந்த இரண்டில் ஒன்று என்றால் நான் பாப்-அப் பக்கம்தான். கத்தி, ஸ்கேல், பசை, தாள், இவ்வளவுதான் தேவை. படிக்கு இரண்டு பக்கமும் எழுதத் தாராளமாக இடம் இருக்கிறது. திறக்கும்போது முகத்தில் வருகிற அந்தச் சிரிப்பு, குழந்தையானாலும் தாத்தாவானாலும், இதில்தான் கிடைக்கிறது.

வாட்டர்கலர் எதிர் ஸ்டாம்ப்

இங்கே போட்டி வேறு மாதிரி. ஒன்றில் ஒவ்வொரு அட்டையும் புதிது. மற்றதில் ஒரு வடிவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வாட்டர்கலர் என்றதும், "எனக்கு வரைய வராதே" என்று பலர் பின்வாங்குகிறார்கள். வாழ்த்து அட்டைக்கு உருவமே வேண்டியதில்லை. தாளை நனைத்து இரண்டு வண்ணங்களைத் தொட்டு வைத்தால், அவை தாமாகவே பரவிக் கலந்து ஒரு வானமாகும். காய்ந்த பிறகு அதன்மேல் கறுப்புப் பேனாவில் ஒரு கிளை, இரண்டு குருவி. அவ்வளவே போதும். தாளில்தான் கஞ்சத்தனம் கூடாது. 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும்.

அட்டையின் முகப்பிலேயே நேராகத் தீட்டாதீர்கள். 9.5 × 13.8 செ.மீ. துண்டில் தனியாகத் தீட்டி, காய்ந்ததும் அட்டையின்மேல் ஒட்டுங்கள். சுற்றிலும் அரை செ.மீ. ஓரம் விட்டு, பார்க்கவே சட்டம் போட்ட மாதிரி இருக்கும். தீட்டியது சரியாக வரவில்லை என்றால் அந்தத் துண்டு மட்டும்தான் வீண், அட்டை தப்பித்தது. ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசை வேண்டாம், மறுபடி நெளியும். டபுள் சைடு டேப் சுத்தமான வேலை. தபாலுக்கும் இந்த அட்டை முழுக்கப் பொருத்தம்.

ஸ்டாம்ப்புக்கு வருவோம். ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்ப்பை அக்ரிலிக் கட்டையில் ஒட்டவைத்து அழுத்தினால், எங்கே விழப்போகிறது என்று மேலிருந்தே தெரியும். புதியவர்களுக்கு அது நல்லது. மையில் இரண்டு பெரிய வகை. டை மை, அதாவது சாய மை, தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் காய்ந்துவிடும். பிக்மென்ட் மை, அதாவது நிறமி மை, தாளின் மேலேயே தங்கி மெதுவாகக் காயும், ஆனால் நிறம் அடர்த்தியாக இருக்கும், எளிதில் வெளுக்காது. அது ஈரமாக இருக்கும்போதே எம்பாசிங் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால், தூள் உருகிப் பளபளவென்று மேடாக நிற்கும். பொன்னிறத் தூள் உருகித் திரளும் அந்த நொடியை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தப் பழக்கத்தை விடமாட்டார்கள். தலைமுடி காயவைக்கும் டிரையர் இதற்கு உதவாது; அதன் சூடு போதாது, காற்று தூளையும் ஊதிவிடும்.

ஸ்டாம்ப்பின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வாங்கிய ஸ்டாம்ப்பில் இருப்பது யாரோ வரைந்த படம். எழுத்து ஸ்டாம்ப்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. தமிழில் வாழ்த்த நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, நாமே செதுக்குவது. அகலமான அழிரப்பரும் சின்னக் கத்தியும் போதும். "அன்புடன்" என்று டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் எழுதி, தாளைக் கவிழ்த்து ரப்பரின்மேல் வைத்துத் தேயுங்கள். எழுத்து இடவலம் மாறி ரப்பரில் பதியும், அச்சடிக்கும்போது நேராகிவிடும்.

இப்போது எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இடத்தைச் செதுக்கப் போனால் சிக்கல். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். "ண" மாதிரி எழுத்தில் சுழிக்கும் சுழிக்கும் நடுவில் நிற்கும் ரப்பர் மெல்லிய சுவராகிக் கத்தி பட்டதும் பிய்ந்துவிடும். அதனால் தலைகீழாக யோசியுங்கள். எழுத்தின் கோட்டையே பள்ளமாகச் செதுக்கி எடுங்கள். மை தொட்டு அடித்தால் வண்ணப் பட்டையின் நடுவே எழுத்து வெள்ளையாகத் தெரியும். வேலை பாதி, அழகு இரட்டிப்பு. மெய்யெழுத்தின் புள்ளிகளைக் கத்தியால் நோண்டாமல், பேனா முனையால் குத்தி எடுத்தாலே வட்டமாக வரும்.

இந்த இரண்டில் எது என்றால், எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒன்றிரண்டு அட்டைக்கு வாட்டர்கலர், முப்பதுக்கு ஸ்டாம்ப். ஆனால் இரண்டையும் சேர்ப்பதைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். அதற்கு நல்ல முன்னோடியும் உண்டு. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி வெளியிட்டதுதான் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்வார்கள். அதில் கோடுகள் கல்லச்சு, வண்ணம் கையால் தீட்டியது. நாமும் அப்படியே வெளிக்கோட்டை ஸ்டாம்ப்பில் அடித்து, உள்ளே வாட்டர்கலர் நிரப்பலாம். டை மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து ஓடும், ஆகவே தண்ணீர் பட்டாலும் கலையாத மையைக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது கோடுகளை எம்பாசிங் செய்துவிடுங்கள். மேடான கோடு வரப்பு போல நின்று வண்ணத் தண்ணீரை அந்தந்த இதழுக்குள்ளேயே தேக்கிவைக்கும். கை நடுங்குகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைவிட வசதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இயந்திர வெட்டு

அச்சை வைத்து அழுத்தித் தாளை வடிவமாக வெட்டும் டை-கட்டிங் இயந்திரங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வெட்டு துல்லியமாக இருக்கும், வேகமாக முடியும். ஆனால் இயந்திரத்துக்கு மேல் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு அச்சு வாங்கிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருகிறதா என்று தெரியும்முன் அதில் பணம் போடாதீர்கள். பாப்-அப்பில் மாதாமாதம் பத்து இருபது பூக்கள் வெட்ட வேண்டிய நிலை வரும்போது யோசித்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்குவது?

நான் சொல்லும் வரிசை இது. முதலில் பாப்-அப், வெட்டவும் மடிக்கவும் அளக்கவும் பழகிவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும். கூடவே ஒரு அழிரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரு இங்க் பேடும். அடுத்து வாட்டர்கலர். குவில்லிங்கைக் கடைசியில், யாருக்காவது நேரில் கொடுக்கும் விசேஷ அட்டைக்காக வைத்துக்கொள்ளுங்கள். பொறுமை அதிகம் உள்ளவர்கள், திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்வதில் மனது அமைதியடைகிறவர்கள் மட்டும் இந்த வரிசையை மாற்றிக் குவில்லிங்கில் தொடங்கலாம். அவர்களுக்கு அந்தச் சுருட்டும் நேரமே சுகம்.

எந்த முறையில் செய்தாலும், அலங்காரத்துக்கு முன்பே உள்ளே எழுத வேண்டியதைத் தனித்தாளில் எழுதிவைத்துவிடுங்கள். எத்தனை வரி என்று தெரிந்தால்தான் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரியும். அடர்நிற அட்டை என்றால் உள்ளே வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, அதில் எழுதுங்கள். பளபளப்பான தாளில் ஜெல் பேனா காய நேரம் எடுக்கும். எழுதி முடித்த உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரம் திறந்தே வைத்துவிட்டு, அப்புறம் கவரில் போடுங்கள்.