கார்போசல்ஃபான் 25 இ.சி.: கும்பப்பூ (இரண்டாம் போக) நெல்லுக்கு வாங்கலாமா?

மதிப்பெண்: புகையான் பூச்சிக்கு 5-ல் 3, தேரூர், சுசீந்திரம் குளத்தோர வயலுக்கு 1.

நாகர்கோவில், தோவாளை பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைகளில், தூரில் சாறு உறிஞ்சும் புகையான், குருத்தைத் தாக்கும் ஆனைக்கொம்பன் இரண்டுக்கும் எடுத்துத் தரப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று. எக்டேருக்கு 800 முதல் 1000 மி.லி., அதாவது ஏக்கருக்கு 320 முதல் 400 மி.லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 16 முதல் 20 மி.லி. மூடிக்கணக்கில் ஊற்றினால் அளவு தப்பும். அளவுக் குவளை கட்டாயம்.

மருந்து கேட்கவில்லை என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இலை மேலேயே அடிக்கிறார்கள். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். வயலை வடித்துவிட்டு நாசிலைத் தூருக்குள் இறக்கி அடிக்க வேண்டும். நடும்போதே 2.5 மீட்டருக்கு ஒரு 30 செ.மீ. பட்டம் (நடை இடைவெளி) விட்டிருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். ஆனைக்கொம்பனுக்கு வெங்காயத்தாள் போலக் குருத்து நீண்ட பிறகு அடிப்பது வீண். அந்தத் தூரில் இனி கதிர் வராது.

இனி முக்கியமான விஷயம். கார்போசல்ஃபான் பயிரிலும் உடலிலும் சிதைந்து கார்போஃபியூரான் ஆகிறது. நம்மூரில் வாழைக்குப் போட்ட ஃபியூரடான் குருணையில் இருந்த அதே நஞ்சு. அபாய ரசாயன வர்த்தகத்துக்கான ராட்டர்டாம் உடன்படிக்கை கார்போஃபியூரானை 2017-லும், பல கூட்டங்களில் ஒருமித்த கருத்து எட்டாமல் தள்ளிப்போன கார்போசல்ஃபானை 2025-லும் மூன்றாம் இணைப்புப் பட்டியலில் சேர்த்தது. 1998-ல் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கையில் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. இந்தியா 2005-ல் சேர்ந்தது.

பட்டியலில் சேர்ந்தால் தடை என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு உறுப்பு நாடும், முடிவுக்கான வழிகாட்டி ஆவணம் வந்த 9 மாதத்துக்குள், இறக்குமதிக்குச் சம்மதமா, நிபந்தனையோடா, இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாடு அந்தப் பதிலை மதிக்க வேண்டும். உள்நாட்டு விற்பனையை நிறுத்துவது அந்தந்த நாட்டின் சொந்த முடிவு. ஆகவே பட்டியலில் ஏறிய மருந்து கடையில் கிடைப்பதாலேயே பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது.

பறவை, மீன், தேனீ மூன்றுக்கும் இது கொடிய நஞ்சு. கும்பப்பூப் பருவத்தில்தான் வலசைப் பறவைகள் 2022-ல் ராம்சர் தகுதி (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்தில் இறங்குகின்றன. வடித்த வயல்நீர் போவதும் அந்தக் குளங்களுக்கே. அங்கே இதைவிட பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. என்ற மருந்தே நல்லது, ஏக்கருக்கு 120 கிராம். புகையானுக்கு மட்டும்தான், ஆனைக்கொம்பனுக்கு அல்ல. அதையும் தூருக்கு ஒரு பூச்சி, அதைத் தின்னும் சிலந்தி இருந்தால் இரண்டு, என்ற அளவைத் தாண்டிய பிறகே அடியுங்கள்.

வாங்கும்போது ரசீதும் தமிழ்த் துண்டறிக்கையும் கேட்டு வாங்குங்கள். தெளித்தவருக்கு வாயில் நீர் வடிந்து கண்மணி சுருங்கினால், பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முறிமருந்து அட்ரோபின், எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய அந்த லேபிள் வேண்டும்.