பின் டயரில் 35 காற்று: நைட்ரஜன் கடையில் நான் கட்டிய தண்டம்

ஒன்றரை டன் பிக்கப் ஓட்டுகிறவர்கள், முக்கியமாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாலக்காடு பக்கம் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்புங்கள். ஒரே கடையில் மூன்று தடவை போய் மொத்தம் 14,100 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடை பெயரைக் கேட்காதீர்கள், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

ஏப்ரல் மாதம். அன்று லோடு தாமதம், ஐம்பது கிரேட் தக்காளி ஏற்றி முடிக்கவே பத்தரை ஆகிவிட்டது. பொள்ளாச்சி தாண்டும்போது உச்சி வெயில். டீ குடிக்க நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே புதுசாகப் பளபளவென்று ஒரு டயர் கடை, வாசலில் பச்சை நிறத்தில் நைட்ரஜன் போர்டு. சும்மா ஏர் செக் பண்ணலாம் என்று விட்டேன். பையன் பின் டயரில் காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, 68 இருக்கு, இந்த வெயில்ல வெடிச்சிரும்ணா" என்றான். காலையில் ஊரில் 60 வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் வண்டிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் லோடோடு பின்னால் 60, முன்னால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னேன். "அது சாதாக் காத்துக்குண்ணா. நைட்ரஜனுக்கு நாலு வீலும் 35 போதும், மூணு மாசம் தொடவே வேண்டாம்" என்றான். உள்ளே கண்ணாடி ரூமில் இருந்த முதலாளியும் தலையாட்டினார். டயருக்கு 50 வீதம் 200 ரூபாய் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது.

நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். கடைக்காரர் அடைத்துக் கொடுப்பது மற்ற வாயுக்களைக் குறைத்தது, அவ்வளவே. காற்று இறங்குவது சற்று மெதுவாக இருக்கலாம், சரி. ஆனால் சுமையைத் தூக்குவது அழுத்தம், உள்ளே எந்த வாயு இருந்தால் என்ன, 35 என்றால் 35தான். இன்னொன்று, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண் ஆறிய டயருக்கு உள்ளது, அதாவது காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. லோடோடு வெயிலில் எண்பது கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் 60 வைத்தது 68 காட்டத்தான் செய்யும், அதையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனிக்காரன் எண் போட்டிருக்கிறான். சூடாக இருக்கும்போது காற்றைப் பிடுங்கினால் ஆறியதும் தேவைக்குக் கீழே போய்விடும். எனக்கோ பாதியாகவே இறக்கிவிட்டார்கள்.

என் பக்கத் தப்பும் உண்டு. மூணு மாசம் தொட வேண்டாம் என்றதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாற்பது நாள் கேஜைக் கையில் எடுக்கவே இல்லை. வளைவில் வண்டி பின்பக்கம் ஆடியது, டீசல் கூடக் குடித்தது, இறங்கித் தொட்டால் டயர் ஓரம் சுட்டது. ரோடு சரியில்லை, லோடு சரியாக அடுக்கவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் குனிந்து பார்த்தால் பின் டயர் இரண்டிலும் உள் ஓரம் வெளி ஓரம் இரண்டும் மொட்டை, நடுவில் மட்டும் பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டு, நன்றாக நிற்கிறது.

திரும்ப அதே கடைக்குத்தான் போனேன். புத்தி. முதலாளி பார்த்துவிட்டு அலைன்மென்ட், அதாவது வீல் நிற்கும் கோணம், போய்விட்டது என்றார். கம்ப்யூட்டர் திரையில் சிவப்பும் பச்சையுமாக ஏதோ காட்டி, முன்னால் 600, பின்னால் 500 என்று 1,100 வாங்கினார். பத்து நாள் கழித்து டயர் இரண்டும் ஆகாது என்று சொல்லிப் புதுசு இரண்டு போட்டார், ஒன்று 6,400. அளவு அதே 215/75 ஆர் 15. நான் அளவை மட்டும் பார்த்தேன்.

குட்டு உடைந்தது எங்கள் ஊர் வல்கனைசிங் கடையில். முப்பது வருஷமாக லாரி டயர் பார்க்கிற பாய். பழைய டயரைக் கொண்டுபோய்க் காட்டியதும் விரலால் இரண்டு ஓரத்தையும் தடவிவிட்டு, "காத்து கம்மியா ஓட்டிருக்கீங்க தம்பி, அலைன்மென்ட்னா ஒரு பக்கம்தான் தின்னும்" என்றார். பின்னால் அலைன்மென்ட்டுக்கு 500 கொடுத்ததைச் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். லீஃப் ஸ்பிரிங் மேல் கட்டிய ஒற்றை ஆக்ஸில், இந்த வீலிலிருந்து அந்த வீல் வரை ஒரே இரும்பு, கோணத்தைத் திருப்பிச் சரிசெய்ய அதில் எதுவும் இல்லை. "இதுல எந்த நட்டைத் திருப்பினானாம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, புது டயருக்காவது ஒழுங்காக 60 வையுங்கள் பாய் என்றேன். ஏர் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு டயர் ஓரத்தைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதில் அதிகபட்சம் 44 பிஎஸ்ஐ என்று அச்சாகியிருந்தது. ஓரத்தில் இருக்கும் அந்த எண் டயர் தாங்கும் உச்சம், நாம் வைக்க வேண்டிய அளவு கிடையாது. ஆனால் என் வண்டி கேட்பதே அந்த உச்சத்துக்கு மேலே. பக்கத்தில் 100 என்று சுமைக் குறியீடு, அதற்கு அர்த்தம் ஒரு டயர் 800 கிலோ. கழற்றிய பழைய டயரில் 106, அது 950 கிலோ. பாய் சொன்னபடி எடை மேடையில் பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி லோடோடு போட்டுப் பார்த்தேன், 1,820 கிலோ, டயருக்கு 910. ஆக எனக்கு மாட்டிவிட்டது கார் டயர். அளவு ஒன்றாக இருப்பதால் ரிம்மில் அழகாக உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதோடு விடவில்லை, தயாரிப்புத் தேதி காட்டும் நாலு இலக்கம் 1821, அதாவது 2021இல் 18ஆவது வாரம். புதுசு என்ற விலைக்கு.

சண்டை போடப் போனேன். மாட்டிய டயரை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். முதலில் காற்றை இறக்கிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம் என்று பில்லைத் தேடி எடுத்தால் அது பில்லே இல்லை, எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு. "டயர் 2, 12,800" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. கம்பெனி பெயர் இல்லை, டயர் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. புகார் எழுதிப் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

இப்போது 106 குறியீட்டில் வேறு இரண்டு டயர், தேதி பார்த்து, நம்பர் எழுதிய பில்லோடு. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்தான், ஆனால் அங்கே இருக்கும் மீட்டரும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பாயிண்ட் வித்தியாசம் காட்டுவதால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டிருக்கிறேன். காலி வண்டியில் திரும்பும்போது 60 காற்றில் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது, இடுப்பு வலிக்கிறது. வலிக்கட்டும், மறுநாள் எப்படியும் லோடு இருக்கிறது. அந்தக் கார் டயர் இரண்டும் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. கார் வைத்திருக்கும் மச்சான் கேட்டார், தேதியைக் காட்டினேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.